சிக்னலில் நின்றுபோகும் 1997 மாருதி 800: ஸ்லோ ஸ்க்ரூவைக் கடைசியில் தொடுங்கள்

கேள்வி: 1997 மாடல் மாருதி 800, கார்பரேட்டர் வண்டி. காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்தால் நன்றாக ஓடுகிறது. சூடாகி, சோக்கை உள்ளே தள்ளியதும் பிரச்சினை தொடங்குகிறது. சிக்னலில் நின்றால் இன்ஜின் ஏறி இறங்குகிறது, சில நேரம் ஆஃப் ஆகிவிடுகிறது. பிளக் மாற்றியாகிவிட்டது, கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாகிவிட்டது, ஸ்லோ ஸ்பீடையும் ஏற்றி வைத்தாகிவிட்டது. இப்போது கார்பரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. சோக் இழுத்திருக்கும்வரை நன்றாக ஓடுகிறது, உள்ளே தள்ளியதும் தடுமாறுகிறது என்கிறீர்கள். சோக் செய்யும் முக்கிய வேலை: காற்றைக் குறைத்து, பெட்ரோலின் பங்கைக் கூட்டுவது. அது இருக்கும்போது சரியாகவும் இல்லாதபோது தவறாகவும் ஓடும் இன்ஜினுக்கு, ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டரை அழுத்தாமல் ஓடும்போது, போதுமான பெட்ரோல் கிடைக்கவில்லை என்றுதான் பொருள். ஒன்று, காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்பரேட்டருக்குத் தெரியாமல் வேறு எங்கோ காற்று உள்ளே போகிறது. அல்லது, கார்பரேட்டரின் ஸ்லோ ஜெட் என்ற சின்னத் துளை வழியாக வர வேண்டிய பெட்ரோல் வரவில்லை. பழைய வண்டியில் முதலாவதுதான் அதிகம். அதைப் பார்க்காமல் புது கார்பரேட்டர் போட்டால், பழைய ஓட்டையோடு புது கார்பரேட்டர் ஓடும்.

ஒரு சின்ன ஓட்டை இவ்வளவு செய்யுமா என்று பலருக்குச் சந்தேகம் வரும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் இன்ஜின் 796 சிசி, 3 சிலிண்டர். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவையும் இழுக்கும். 900 ஆர்.பி.எம்மில் அது நிமிடத்துக்குச் சுமார் 360 லிட்டர். ஆனால் ஸ்லோவில், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடியே இருப்பதால், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாயான மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்குதான். ஆக, இன்ஜின் வெளியிலிருந்து உண்மையில் எடுத்துக்கொள்வது நிமிடத்துக்கு 120 லிட்டர் காற்று மட்டுமே. மேனிஃபோல்டில் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓட்டை ஒன்று இருந்தால், அந்த உறிஞ்சலில் அது வழியாக மட்டும் 30 லிட்டர் போய்விடும். கால் பங்கு காற்று பெட்ரோல் இல்லாமல் உள்ளே வருகிறது! இதே வண்டி ஹைவேயில் 4000 ஆர்.பி.எம்மில் போகும்போது அதைப்போல் பத்து மடங்கு காற்றைக் குடிக்கும். அப்போது இந்த 30 லிட்டர் கண்ணுக்கே தெரியாது. ஓட்டத்தில் குறை சொல்ல முடியாத வண்டி, சிக்னலில் மட்டும் உயிரை விடுவது இதனால்தான்.

ஸ்லோ ஸ்பீடை ஏற்றி வைத்தால் சில நாள் சரியானது போல இருப்பதற்கும் இதே காரணம்தான். ஸ்க்ரூவைத் திருகினால் த்ராட்டில் தட்டு கொஞ்சம் திறக்கிறது, மொத்தக் காற்றும் பெட்ரோலும் கூடுகின்றன, ஓட்டையின் பங்கு குறைகிறது. ஓட்டை அப்படியே இருக்கிறது. அதற்குமேல் பெட்ரோல் செலவு கூடும், கியர் போடும்போது இழுப்பு வரும், சாவியைத் திருப்பி ஆஃப் செய்த பிறகும் இன்ஜின் இரண்டு மூன்று தடவை உதறிவிட்டு நிற்கும். இதையெல்லாம் வேறு வேறு பழுது என்று நினைத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செலவு செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: ஸ்லோ ஸ்க்ரூவும், பெட்ரோல்-காற்று கலவையை மாற்றும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவும் கடைசியில் தொட வேண்டியவை. எல்லாம் சரியாக இருக்கும் இன்ஜினை நிலைநிறுத்தத்தான் அவை இருக்கின்றன.

சரி, எங்கே தொடங்குவது? இன்ஜின் நன்றாகச் சூடானபின், ஏசி இருந்தால் அணைத்துவிட்டு, நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை மெதுவாக அழுத்தி 2000 ஆர்.பி.எம் அளவில் அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஸ்லோவைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேல் என்று காதாலேயே கணிக்கலாம். அந்த வேகத்தில் இன்ஜின் பட்டுப்போல ஓடினால் ஏர் லீக், அல்லது ஸ்லோ ஜெட் பக்கம் போங்கள். அங்கேயும் டப் டப் என்று விட்டுவிட்டு மிஸ்ஸிங் அடித்தால் கரன்ட் பக்கம், அதாவது பிளக், வயர், பிளக்குகளுக்குக் கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போங்கள். இதில் ஒரு விலக்கு உண்டு. ஒரு வால்வு சரியாக உட்காராமல் கம்ப்ரஷன் குறைந்திருந்தாலும் ரேஸ் கொடுத்தால் ஓரளவு சரியாகிவிடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துப் பாருங்கள். வண்டி குலுங்குவது வேறு, ஆர்.பி.எம் ஏறி இறங்குவது வேறு. 3 சிலிண்டர் இன்ஜினுக்கு இயல்பிலேயே ஓர் ஆட்டம் உண்டு. அதைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டிங் இறுகியோ கிழிந்தோ போனால் ஸ்டியரிங்கும் டேஷ்போர்டும் நடுங்கும், ஆனால் இன்ஜின் சத்தம் ஒரே சீராக இருக்கும். அப்படியானால் கார்பரேட்டரில் தேடிப் பயனில்லை, மவுண்ட்டிங்கை மாற்றுங்கள். நீங்கள் சொல்வது சத்தமே ஏறி இறங்குவதை என்பதால் மேலே போகலாம்.

ஏர் லீக் தேட எனக்குப் பிடித்த வழி, ஹோஸ்களை ஒவ்வொன்றாக நெரிப்பது. நோஸ் பிளையரின் வாயில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். இன்ஜின் ஸ்லோவில் ஓடிக்கொண்டிருக்க, மேனிஃபோல்டிலிருந்தும் கார்பரேட்டரிலிருந்தும் கிளம்பும் ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும், அது புறப்படும் இடத்துக்கு மிக அருகில் மெதுவாக நெரியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் ஸ்பார்க் நேரத்தை மாற்றும் வாக்குவம் அட்வான்ஸுக்குப் போகும் மெல்லிய ஹோஸ், டேப்பெட் கவரிலிருந்து இன்ஜினின் உள்புகையைத் திரும்ப இழுக்கும் பி.சி.வி ஹோஸ், ஏசி வண்டியானால், ஏசி போடும்போது ஸ்லோவை ஏற்றும் ஐடில் அப் டயாஃப்ரத்துக்குப் போகும் ஹோஸ், பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியானால் அதற்குப் போகும் தடித்த ஹோஸ். எதை நெரிக்கும்போது இன்ஜின் சட்டென்று சீராகிறதோ, குற்றவாளி அந்த ஹோஸிலோ அதன் மறுமுனையிலோ இருக்கிறது. பி.சி.வி ஹோஸை நெரித்தால் நல்ல வண்டியிலும் ஸ்லோ கொஞ்சம் மாறும், அது சாதாரணம். பெரிதாகத் திருந்தினால்தான் சந்தேகம். அந்த ஹோஸோடு இருக்கும் பி.சி.வி வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஆயில் பிசினில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஹோஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். முன்பு என்னிடம் 4 சிலிண்டர் கார் ஒன்று இருந்தது. உங்கள் வண்டி போலவே காலையில் நன்றாக இருக்கும், பத்து கிலோமீட்டர் ஓடியதும் சிக்னலில் தள்ளாடும். கார்பரேட்டர் கிட் இரண்டு தடவை போட்டேன். மூன்று மாதம் இப்படியே போனது. ஒருநாள் மாலை, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் டியூபில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மேனிஃபோல்டைச் சுற்றி மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தேன். பிரேக் பூஸ்டர் ஹோஸின் கிளாம்ப் அருகே வந்ததும் பாம்பு சீறுவது போலக் கேட்டது. டியூபை ஒரு விரற்கடை நகர்த்தினால் சத்தம் இல்லை, திரும்பக் கொண்டுவந்தால் சீறல். கிளாம்பைக் கழற்றிப் பார்த்தால், அதன் அடியில் மறைந்திருந்த இடத்தில் நகத்தின் அகலத்துக்கு ஒரு வெடிப்பு. ரப்பர் குளிர்ந்து இறுகியிருக்கும்போது அது மூடிக்கொண்டது, சூட்டில் இளகியதும் வாயைத் திறந்தது. அந்த முனையில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி மாட்டினேன். ஸ்லோ அப்போதே சீராகிவிட்டது. மறுநாள் புது ஹோஸ் வாங்கிப் போட்டேன். பிரேக்குக்குப் போகும் ஹோஸில் ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது.

ஹோஸ்களில் எதுவும் கிடைக்காவிட்டால் அடுத்தது பேக்கிங்குகள். கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே, சூட்டைத் தடுக்க ஒரு தடித்த கறுப்பு இன்சுலேட்டர் கட்டை இருக்கும். அதற்கு மேலும் கீழும் பேக்கிங். கார்பரேட்டரை அடிக்கடி கழற்றி மாட்டிய வண்டியில் இந்த இடத்தில்தான் காற்று இழுக்கும். நட்டை அழுத்தி முடுக்கினால் லீக் நிற்கும் என்று நினைத்து முடுக்குகிறார்கள். அது கட்டையையும் கார்பரேட்டரின் அடித்தட்டையும் வளைத்து, நடுவில் இடைவெளியைத்தான் உண்டாக்கும். சோதிக்க, ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து அந்த இணைப்பைச் சுற்றியும், மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டில் சேரும் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். தண்ணீர் அந்த இடுக்கை ஒரு நொடி அடைக்கும், இன்ஜின் சத்தம் மாறும். பலர் கார்பரேட்டர் கிளீனர் அடிப்பார்கள். அது இன்னும் தெளிவாகக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் பக்கத்தில் சைலன்சர் பைப் கொதித்துக்கொண்டிருக்கும்போது தீப்பிடிக்கும் பொருளை அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தண்ணீரே போதும், டிஸ்ட்ரிபியூட்டர் மேல் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லீக் அங்கே என்று தெரிந்தால் கார்பரேட்டரை இறக்கி, அடித்தட்டின் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் வளைந்திருக்கிறது. கண்ணாடி மேல் எமரி தாளை வைத்துத் தேய்த்துச் சமப்படுத்தலாம். த்ராட்டில் ஷாஃப்ட்டையும் விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் அதன் இரு முனைகளிலும் காற்று போகும். கார்பரேட்டரை மாற்றுவதற்கு நியாயமான காரணம் என்று நான் ஒப்புக்கொள்வது இதைத்தான்.

காற்று எங்கும் போகவில்லை என்று உறுதியானால் பெட்ரோல் பக்கம். இந்த வகை கார்பரேட்டரில், சாவியை ஆஃப் செய்ததும் ஸ்லோ பெட்ரோலை நிறுத்துவதற்கு ஒரு சின்ன சொலினாய்டு இருக்கும், வயரோடு கார்பரேட்டரில் திருகியிருக்கும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, அந்த வயரைக் கழற்றி மாட்டுங்கள். டிக் என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் கரன்ட் வரவில்லை, அல்லது சொலினாய்டு போய்விட்டது. ஆனால் சொலினாய்டு முழுதாகப் போனால் இன்ஜின் ஏறி இறங்காது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நேராக நின்றுவிடும். உங்களுக்கு இரண்டும் நடப்பதால் அந்த வயரின் இணைப்பு லூசாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. டேங்கில் சேரும் துரு, பெட்ரோல் காய்ந்த பிசின், எது வந்தாலும் அதில்தான் அடைக்கும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் பிறகு எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் நிற்காது. கிளீனரில் ஊற வைத்து, கம்ப்ரசர் காற்றை அடித்தால் போதும். சுத்தம் செய்த கார்பரேட்டர் ஒரு மாதத்தில் திரும்ப அடைத்தால், பெட்ரோல் ஃபில்டரையும் டேங்கையும் பாருங்கள்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரிய, அதே அளவு பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும். உங்கள் கார்பரேட்டரோ கலப்பில்லாத பெட்ரோலை மனதில் வைத்து ஜெட் அளவு வைக்கப்பட்டது. அதே ஜெட்டில் இ20 போனால் கலவை ஏறத்தாழ 7 சதவீதம் பெட்ரோல் குறைந்ததாக மாறுகிறது. இது மட்டுமே வண்டியை நிறுத்திவிடாது. ஆனால் ஏற்கனவே ஓர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த இன்ஜினை அது தள்ளிவிடும். முன்பு பொறுத்துக்கொண்ட சின்ன ஏர் லீக்கை இப்போது பொறுக்காது. பழைய ரப்பர் ஹோஸ்களும் டயாஃப்ரங்களும் எத்தனாலில் உப்பி வெடிக்கும். அதனால் பெட்ரோல் ஹோஸ் மாற்றும்போது எத்தனாலைத் தாங்கும் ரகம்தானா என்று கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும். வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.

கரன்ட் பக்கம் உங்கள் வண்டியில் முதல் சந்தேகம் இல்லை, ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது. பெட்ரோல் குறைந்த கலவையைப் பற்றவைக்க வலுவான ஸ்பார்க் வேண்டும். புது பிளக் போட்டேன் என்கிறீர்கள், கேப், அதாவது பிளக் முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, பார்த்துப் போட்டார்களா? பெட்டியிலிருந்து எடுத்தபடியே போடுவதுதான் வழக்கம். ஃபீலர் கேஜ் வைத்து, உங்கள் மேனுவலில் சொன்ன அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிளக்குகளைக் கழற்றும்போது மூன்றையும் வரிசையாக வைத்து முகத்தைப் பாருங்கள். மூன்றும் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்ற நம் கணிப்பு சரி. ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் லீக் அந்த சிலிண்டருக்கான மேனிஃபோல்டு கிளைக்குப் பக்கத்தில். மூன்றும் கரி படிந்திருந்தால் நான் இதுவரை சொன்னதைத் திருப்பிப் போட்டு, ஃப்ளோட் லெவல் (கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் மட்டம்), சோக் முழுதாகத் திறக்காதது, ஏர் ஃபில்டர் அடைப்பு என்று தேடுங்கள். இரவில் விளக்கணைத்துவிட்டு பானட்டைத் திறந்து பார்த்தால், கசியும் பிளக் வயரில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்புக்குள் தலைமயிர் போலக் கறுப்புக் கோடு இருந்தால் கேப்பை மாற்றுங்கள்.

எந்த சிலிண்டர் சோம்புகிறது என்று கண்டுபிடிக்க, ஸ்லோவில் ஓடும்போது பிளக் வயரை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்கள். எடுத்தும் சத்தம் மாறவில்லை என்றால் அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. வெறுங்கையால் செய்யாதீர்கள், இன்சுலேஷன் உள்ள பிளையரால் எடுத்து வயரின் முனையை எர்த்தில் வையுங்கள். சில நொடிகளுக்கு மேல் வேண்டாம். 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்ற புது பெட்ரோல் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. உங்கள் வண்டியிலும் அது இருந்தால், எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

ஒரு சிலிண்டர் மட்டும் பலவீனம், ஸ்பார்க்கும் சரி என்றால் டேப்பெட்டும் கம்ப்ரஷனும். இன்ஜின் ஆறியபின் டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை, சரிபார்க்கச் சொல்லுங்கள். டக் டக் சத்தம் வராத டேப்பெட் நல்லது என்று நினைக்கிறோம். வால்வு தேய்ந்து உள்ளே இறங்க இறங்க இடைவெளி குறைந்துகொண்டே போகும், சத்தமே இல்லாமல் வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டுத் திரும்ப அளந்தால், ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு. மேனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கும் வாக்குவம் கேஜ் உள்ள மெக்கானிக் கிடைத்தால் அவரை விடாதீர்கள். சமவெளியில் நல்ல இன்ஜின் ஸ்லோவில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை காட்டும், முள் அசையாது. குறைவாக, ஆனால் அசையாமல் நின்றால் ஏர் லீக், அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது. முள் ஒரே தாளத்தில் சுண்டிச் சுண்டி விழுந்தால் ஒரு வால்வு. மெதுவாக அலைந்தால் கலவை.

2000-க்குப் பிந்தைய எம்.பி.எஃப்.ஐ வண்டி (கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிப்பது) வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி: ஹோஸ் நெரிக்கும் சோதனை உங்களுக்கும் அப்படியே பொருந்தும். மற்றபடி த்ராட்டில் பாடியில் படிந்த கரியும், ஸ்லோவுக்குக் காற்று விடும் ஐடில் வால்வும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. சென்சாரை மாற்றும் முன் அதன் கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுங்கள்.

எல்லாம் முடிந்தபின், இப்போது ஸ்க்ரூ. இன்ஜின் சூடு, சோக் முழுக்க உள்ளே, லைட், ஏசி ஆஃப். ஏற்றி வைத்த ஸ்லோ ஸ்க்ரூவை இறக்கி, பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டிக்கர் போய்விட்டால் 900-ஐ ஒட்டி வையுங்கள். பிறகு மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, இன்ஜின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைப் பிடியுங்கள். வேகம் கூடியிருக்கும், ஸ்லோ ஸ்க்ரூவால் மறுபடி இறக்குங்கள். இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்தால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை உள்ளே முடுக்கி அழுத்திவிடாதீர்கள், அதன் கூர்முனை நசுங்கிவிடும். அப்புறம் நேராகப் புகைச் சோதனை மையத்துக்குப் போங்கள். உங்கள் வயது வண்டிக்கு ஸ்லோவில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி. உங்கள் டியூனிங் எங்கே நிற்கிறது என்று அந்த எண் சொல்லும். சோதனைச் சீட்டைப் பத்திரமாக வைத்து, அடுத்த முறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஊட்டிப் பக்கம் போகும் வழக்கம் இருந்தால், 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கோவையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே சரியாக டியூன் செய்த கார்பரேட்டர் அங்கே பெட்ரோல் கூடுதலாகக் கொடுக்கும், ஸ்லோ கொஞ்சம் திணறும். அது பழுது இல்லை. மேலே எதையும் திருகாமல் அப்படியே இறக்கிக் கொண்டுவாருங்கள், மேட்டுப்பாளையம் வரும்போது தானாகச் சரியாகியிருக்கும்.

நாளை காலையே பிளையரும் துணியும் எடுத்துக்கொண்டு ஹோஸ்களில் தொடங்குங்கள். மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம், வெளியே காற்றோட்டத்தில் நிறுத்திச் செய்யுங்கள். எந்த ஹோஸை நெரித்தபோது சத்தம் மாறியது, 2000 ஆர்.பி.எம்மில் எப்படி ஓடியது, மூன்று பிளக்கின் முகமும் என்ன நிறம் என்ற மூன்றையும் எழுதி அனுப்பினால், அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.